அப்பாவுக்குக் கிடைத்த கைதட்டல்

அம்மா இறந்த பிறகு அப்பா வெளியே போவதையே விட்டுவிட்டார். இலங்கையிலிருந்து சுவிட்சர்லாந்துக்கு வந்து, லோசான் நகரில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் ஓய்வுபெறும் வரை வேலை செய்தவர். வேலையும் இல்லை, அம்மாவும் இல்லை என்றான பிறகு பகல் முழுவதும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் அப்போது பக்கத்து ஊரில் ஒரு தொழில்முறைக் கூடைப்பந்துக் கழகத்தில் பிசியோவாக இருந்தேன். வீரர்களின் முழங்கால், கணுக்கால், முதுகு என்று என் நாட்கள் கழிந்துகொண்டிருந்தன. ஒரு சனிக்கிழமை அப்பாவைக் கட்டாயப்படுத்திப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

நான் எதிர்பார்க்கவே இல்லை, அவருக்கு அது பிடித்துப்போயிற்று. சிறு வயதில் பள்ளிக்கூடத்தில் கரப்பந்து விளையாடியவர். உயரமான மனிதர்கள் எம்பிப் பறந்து பந்தைக் கூடைக்குள் திணிப்பதைப் பார்த்து எழுந்து நின்று கத்தினார். அதன் பிறகு ஒரு போட்டியையும் தவறவிடவில்லை. பக்கத்து இருக்கைகளில் வழக்கமாக உட்காரும் வெள்ளைக்காரப் பெரியவர்கள் அவரோடு கைகுலுக்கத் தொடங்கினார்கள். கழகத்தின் சால்வையைப் போட்டுக்கொண்டு ரயிலில் வரும் அப்பாவைப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருந்தது.

எங்கள் அணியில் முதலில் களமிறங்கும் ஐவரில் அநேகமாக எல்லோருமே கறுப்பினத்தவர்கள். வெளிநாட்டு வீரர்கள் இத்தனை பேர்தான் என்று ஒரு வரம்பு உண்டு. அந்த இடங்களை அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் நிரப்பினார்கள். அணித்தலைவர் மட்டும் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். பெற்றோர் கொங்கோவிலிருந்து வந்தவர்கள். அவர் பேசும் பிரெஞ்சில் அந்த ஊரின் இழுவை அப்படியே இருக்கும். ஆனாலும் ரசிகர்கள் அவரிடம் ஆங்கிலத்தில்தான் பேச்சுக் கொடுப்பார்கள். சிகிச்சை மேசையில் படுத்துக்கொண்டு, "இன்றைக்கும் ஒருத்தர் எனக்கு சுவிஸ் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்" என்று சொல்லிச் சிரிப்பார். என்னையும் அப்படித்தான் கேட்பார்கள் என்று நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பில் எங்களுக்குள் ஒரு நட்பு வளர்ந்திருந்தது.

அப்பா அந்த வீரர்களைக் காப்பிலிகள் என்றுதான் சொல்வார். கறுப்பினத்தவரை இழிவாகக் குறிக்கும், எங்கள் ஆட்களில் பலர் வீட்டுக்குள் தயக்கமில்லாமல் புழங்கும் சொல். "அப்பிடிச் சொல்லாதேங்கோ அப்பா" என்றால், "நான் கெட்ட எண்ணத்திலயோ சொல்லுறன்? எங்கட சனம் அப்பிடித்தானே சொல்லுறது" என்பார். அரங்கத்தில் அவர் அதைச் சத்தமாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். தமிழ் யாருக்கும் விளங்காது என்பது ஒரு ஆறுதலே இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் அணி தொடர்ந்து தோற்றது. கழகம் ரசிகர்களை ஒரு கலந்துரையாடலுக்கு அழைத்தது. அரங்கத்தின் சிற்றுண்டிச்சாலையில் கதிரைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். கழகத் தலைவரும் பயிற்றுநரும் முன்னால் இருந்தார்கள். அணித்தலைவர் வீரர்களின் சார்பில் வந்து சுவரோரமாக நின்றார். நான் பின்வரிசையில் இருந்தேன். சிலர் கேட்டுப் பார்த்தார்கள்: இளைஞர்களுக்கு ஏன் வாய்ப்பில்லை, மக்களுக்கு ஏன் அணியோடு ஒட்டுதல் குறைகிறது என்று. எதைச் சொல்ல வருகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை.

அப்போது அப்பா எழுந்தார். தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "அணியில் கறுப்பர்கள் கூடிவிட்டார்கள். சுவிஸ்காரர் எங்கே? பார்த்தால் இது எங்கள் ஊர் அணி மாதிரியா இருக்கிறது?" என்றார்.

 கைதட்டல் எழுந்தது. முதலில் அவருடைய இருக்கை நண்பர்கள், பிறகு அரைவாசிக் கூட்டம். கழகத் தலைவர் சிரித்தபடி அப்பாவை மரியாதையாக விளித்து, "முசியே, நாங்கள் சொல்லத் தயங்கியதை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். உங்களை யாரும் இனவாதி என்று சொல்ல முடியாதல்லவா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.  

அணித்தலைவர் குரலை உயர்த்தவில்லை. "முசியே, நான் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"உன்னைச் சொல்லவில்லை. நீ நல்ல பிள்ளை" என்றார் அப்பா.

"நான் இந்த ஊர்க்காரன்" என்றார் அவர்.

நான் எழுந்தேன்.  "இவர் என் அப்பா. இவர் சொன்னது பிழை. அணித்தலைவர் பிறந்தது இங்கே. நானும் இந்த நாட்டில்தான் பிறந்தேன்" என்றேன். யாரும் கைதட்டவில்லை. ஒருவர் தொண்டையைச் செருமினார். கழகத் தலைவர் வாகனத் தரிப்பிடம் பற்றிய அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அணித்தலைவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

 வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் அப்பா கேட்டார்.

"ஏன் ஆக்களுக்கு முன்னால என்னை அப்பிடிச் சொன்னனீ?"

"நீங்கள் கதைச்சது சரியோ அப்பா?"

"எல்லாரும் கை தட்டினவைதானே."

"ஏன் தட்டினவை? தங்கட வாயால சொன்னா பிழையெண்டு அவைக்குத் தெரியும். உங்கட வாயால வந்தது அவைக்கு வசதியாப் போச்சு. நாளைக்கு உங்களையும் என்னையும் பற்றி இதையே ஆரும் சொன்னா, அதுக்கும் தட்டுவினம்."

அவர் சப்பாத்தைக் கையில் வைத்தபடியே வாசலோரம் கிடந்த சிறிய வாங்கில் உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"நான் இந்த நாட்டுக்கு வந்த காலத்தில இருந்து, நான் கதைச்சதுக்கு ஆரும் கை தட்டினதில்லை பிள்ளை."

அதுவரை அவரை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அதைக் கேட்ட பிறகு யாரை நினைத்து, எதற்காக வெட்கப்படுவது என்றே தெரியவில்லை. கோபமும் போகவில்லை. தேநீர் போட்டு அவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு என் அறைக்குப் போனேன்.

சில நாட்கள் கழித்து, எனக்குச் சொல்லாமலே அப்பா பயிற்சிக் கூடத்துக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, சால்வை இல்லை. அணித்தலைவர் கணுக்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு மேசையில் இருந்தார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவர் என்னோடு தேவைக்கு மேல் கதைப்பதில்லை. காதில் எதையாவது மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். அப்பா வாசலில் நின்று, வாய்தவறித் "தம்பி" என்று தமிழில் தொடங்கி, பிறகு பிரெஞ்சுக்கு மாறினார்.

"நான் பிழையாகக் கதைத்துவிட்டேன். மன்னிக்க வேண்டும்."

அணித்தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்து, கிட்ட வந்த அப்பாவுக்குக் கைகொடுத்தார். "வந்ததற்கு நன்றி, முசியே." பிறகு ஐஸ் பையைச் சரிசெய்தபடி சொன்னார்: "அவர்கள் கைதட்டியது எனக்குப் புதிதில்லை. உங்களை அந்த இடத்தில் பார்த்ததுதான் கஷ்டமாக இருந்தது."

அப்பா தலைகுனிந்தார். நானும்தான்.

போட்டிப் பருவம் முடிந்ததும் அணித்தலைவரின் ஒப்பந்தத்தைக் கழகம் புதுப்பிக்கவில்லை. அவர் ஜெர்மன் பேசும் பகுதியில் ஒரு கழகத்துக்குப் போனார். அடுத்த பருவத்துக்கு 'நம் ஊர் முகங்கள்' என்று சுவரொட்டிகள் வந்தன. அந்த ஊரில் பிறந்த அவருடைய முகம் அதில் இல்லை. அப்பா பேசாமல் இருந்திருந்தாலும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று சிலர் சொன்னார்கள். இருக்கலாம். அதை நம்பிச் சமாதானமடைய என்னால் முடியவில்லை. கோடையில் அந்த வேலையை விட்டு ஒரு கிளினிக்கில் சேர்ந்தேன்.

அப்பா பிறகு எந்தப் போட்டிக்கும் போகவில்லை. இருக்கை நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தபோது, முழங்கால் வலி என்று சொல்லி வைத்துவிட்டார்.

அணித்தலைவர் விடைபெற வந்த நாளில் எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டு என்னிடம், "உங்கள் அப்பாவைச் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள்" என்றார். உடனே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சில வாரம் கழித்து, சாப்பிடும்போது சொன்னேன்.

"உண்மையாவோ?" என்றார் அப்பா.

"ஓம்."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "நான் அந்தப் பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லி அனுப்ப?" என்று கேட்டார்.  நான் அவருடைய தட்டில் இன்னும் கொஞ்சம் கறி விட்டேன்.