சொல்லாமல் வந்த பிழை

காலையில் தொலைபேசி வந்ததிலிருந்து மனோகரிக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. இரண்டு மணிக்கு அலுவலகத்துக்கு வரும்படி பொறுப்பாளர் சொல்லியிருந்தார். புலம்பெயர்ந்து வந்த ஷ்லீரன் நகரின் முதியோர் இல்லத்தில் அவளுக்கு நாலு வருடமாக மணிக்கணக்குச் சம்பளம். இந்த மாதம்தான் நிரந்தர ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து. அந்த நேரம் பார்த்தா அவள்மேல் முறைப்பாடு வர வேண்டும்?

முறைப்பாடு கொடுத்தவள் ரெகுலா, முந்தாநாள் இறந்துபோன கெல்லர் அம்மாவின் மகள். அந்த அம்மாவை நாலு வருடமும் குளிப்பாட்டித் தலைவாரிச் சாப்பாடு ஊட்டியவள் மனோகரி. அன்றைக்கு உறவினர் கூடிநின்ற அறைக்குள் போனாள், இறந்தவரின் காலைத் தொட்டு அழுதாள், ஒருவரோடும் பேசாமல் வெளியே வந்துவிட்டாள். குற்றம் அவ்வளவுதான்.

“ஏனம்மா ஒண்டும் சொல்லாமல் வந்தனீங்கள்?” என்று போனில் கேட்டாள் மகள் மதுஜா.

“செத்த வீட்டில ஆராவது போட்டு வாறன் எண்டு சொல்லுவினமோ?”

“இஞ்ச கை குடுத்து, நாலு வார்த்தை கதைச்சிட்டுத்தான் வெளிக்கிட வேணும். உங்களுக்கு அக்கறையில்லை எண்டு நினைச்சிருப்பினம்.”

அக்கறையில்லையாம்! இங்கே பிறந்த பிள்ளைக்கு வாய் நீளம். ஆனாலும் அந்தச் சொல் மனோகரியைச் சாப்பிட விடவில்லை.

அலுவலகத்தில் ரெகுலாவும் இருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

“ஒவ்வொரு மாலையும் அம்மாவிடம் ‘நாளைக்கு வருவேன்’ என்று சொல்லித்தானே போவீர்கள்? அன்றைக்கு மட்டும் ஏன் ஒன்றுமே சொல்லவில்லை?”

மனோகரி தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னாள்.

“எங்கள் ஆட்கள் சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போவதில்லை. திரும்ப வருவேன் என்றால் அந்த வீட்டுக்குச் சாவும் திரும்ப வரும். நாளைக்கு வருவேன் என்று அம்மாவிடம் நான் எப்படிச் சொல்ல?”

ரெகுலா எழுந்து வந்து அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். முறைப்பாட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாள்.

பொறுப்பாளர் ஒப்பந்தத்தை நீட்டினார்.

“பல பண்பாட்டினர் வேலை செய்யும் இடம் இது. எங்களுக்கு அது பெருமைதான். ஆனால் இனி யார் இறந்தாலும் குடும்பத்தாருக்குக் கைகொடுத்து விடைபெற்றுத்தான் போக வேண்டும். சரியா?”

மனோகரி தலையாட்டிவிட்டுக் கையெழுத்து வைத்தாள். மேல்மாடியில் பதினாலாம் அறைக் கிழவர் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. அவருக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்த அறைக்குப் போகவே அவளுக்குப் பயமாக இருந்தது.