கழுவிய கதிரைகள்

செத்தவீடு முடிந்தால் வீடு கழுவ வேண்டும். இதில் எங்கள் ஆட்களுக்குள் இரண்டாம் பேச்சு இல்லை. ஊரில் என்றால் பெட்டி படலையைத் தாண்டியதும் தளபாடங்களை முற்றத்துக்குத் தூக்கிவிட்டு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். தண்ணீர் தன்பாட்டில் வாசலால் ஓடி வாழைக்குப் போய்விடும். வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் முற்றத்துக்கு எங்கே போவது? அப்பாவின் உடலை மலர்ச்சாலையில் இருந்து கனத்தைச் சுடலைக்குக் கொண்டுபோன அதே பின்னேரம், ஆண்கள் எல்லாரும் அங்கே நிற்க, தெஹிவளைச் சித்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்கள் ஃபிளாட்டைக் கழுவத் தொடங்கினார்.

கதவுக்கு வெளியே நடைபாதை முழுக்க வந்தவர்களின் செருப்புகள். கதிரைகளை வைக்க இடமில்லை. "அதுகளுக்கும் துடக்குத்தானே, சேர்த்துக் கழுவுவம்" என்றார் சித்தி. சுவரோடு சாய்ந்து நின்ற அம்மா தலையாட்டினார். நான்தான் வாளியில் மஞ்சள் கரைத்துக் கொடுத்தேன். தன் வீட்டுக்குள் தண்ணீர் ஒழுகுகிறது என்று சொல்ல மூன்றாம் மாடிக்காரர் ஏறி வந்தபோது நாங்கள் குளத்துக்குள் நின்றோம். மரண வீடு என்று கண்டதும் மனுஷன் வந்த வழியே இறங்கிப் போனார். அதன் பிறகு சித்தி இன்னும் இரண்டு வாளி ஊற்றினார். தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன.

அடுத்த நாள் காலைதான் கதிரைகளைப் பார்த்தோம். ஆறு கதிரைகள், கை வைத்தவை, தேக்கு. கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருந்த காலத்தில் அப்பா ஏலத்தில் எடுத்தவை. அவற்றுக்குப் பூசியிருந்தது அரக்குப் பொலிஷ். அரக்குக்கும் தண்ணீருக்கும் ஒத்துவராது. தண்ணீர் நின்ற இடமெல்லாம் வெளுத்துவிடும். எங்கள் கதிரைகள் வெளுத்து, வெளுத்த இடங்களில் மஞ்சள் இறங்கி, தேமல் பிடித்த முதுகு மாதிரி நின்றன. இருக்கைப் பிரம்புக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. நனைந்து காய்ந்ததில் முன்னையைவிட இறுகியிருந்தது.

அம்மா ஒரு கதிரையின் கையைத் தடவிப் பார்த்தார். "பாழாக்கிப் போட்டம்" என்றார். பிறகு யன்னலோரம் இருந்த அப்பாவின் கதிரைக்கு முன்னால் வெறும் நிலத்தில் அமர்ந்தார்.

அன்றைக்கு அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. துக்க வீட்டில் நிலத்தில் இருப்பது புதினமா? எட்டுச் செலவு போனது, முப்பத்தோராம் நாளும் போனது. லண்டனில் இருந்து வந்த தம்பி திரும்பிப் போய்விட்டான். சித்தி தெஹிவளைக்குப் போய்விட்டார். அம்மா மட்டும் நிலத்தை விட்டு எழும்பவில்லை.

எழும்பவில்லை என்றால், எழும்ப முடியவில்லை. இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். நிலத்தில் இருக்கவே கூடாது, இருந்தால் கொஞ்சக் காலத்தில் நடையும் போய்விடும் என்று டொக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். நான் காலையில் வேலைக்குப் போக முதல் ஒருதரம் தூக்குவேன். பின்னேரம் காலி வீதி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, கைப்பையை வைக்க முதல் ஒருதரம் தூக்குவேன். பின்னால் நின்று கக்கத்துக்குள் கையைக் கொடுத்து, "ஓம், இப்ப" என்று சொன்னால் அம்மா காலை ஊன்றுவார். அவர் முழங்காலும் என் இடுப்பும் ஒன்றாகச் சத்தம் போடும். எனக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. அப்பாவை மூன்று வருடம் தூக்கின அதே இடுப்பு இது. அவர் போனதும் அதற்கு ஓய்வு என்று மனசின் ஒரு மூலையில் நான் நினைத்திருந்தேன், சொல்ல வெட்கமாக இருந்தாலும் அது உண்மை.

ஒரு நாள் வேலையால் வந்தபோது அம்மா காலையில் நான் விட்ட இடத்திலேயே இருந்தார். மேசையில் மூடி வைத்த சோறு அப்படியே இருந்தது. தண்ணீர்ப் போத்தலும் ஃபோனும் அதே மேசையில். எழும்பப் பார்த்திருக்கிறார், முடியவில்லை. உடுத்த சேலை நனைந்திருந்தது. "உன்னை வேலையாலை கூப்பிட வேண்டாம் எண்டு இருந்திட்டன்" என்றார். அதை என்னிடம் சொல்லும்போது அவர் வேறெங்கோ பார்த்தார். அன்றைக்கு அவரைக் குளிக்க வார்த்துவிட்டு நான் குசினிக்குள் நின்று அழுதேன்.

பிளாஸ்டிக் கதிரை ஒன்று வாங்கு என்று தம்பி ஃபோனில் சொன்னான். வாங்கினேன். அம்மா அதில் உடுப்பு மடித்து வைத்தார். அப்போதுதான் எனக்கு ஒரு எண்ணம் வந்தது. அம்மா தலையாட்டித்தானே கதிரைகளைக் கழுவினோம். அந்தக் குற்ற உணர்வுதான் மனுஷியை நிலத்தில் வைத்திருக்கிறது, கதிரைகள் பழையபடி வந்தால் அவரும் எழும்பி இருப்பார் என்று முடிவு கட்டினேன். களைத்த ஆளுக்கு ஒரு காரணம் கிடைத்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு தொங்கும்.

கொலன்னாவையில் இருந்து பொலிஷ் போடுகிற பாஸ் ஒருவர் வந்தார். நல்ல கதைகாரர். முதல் கதிரையை உரஞ்சி முடிக்கிறதற்குள் தன் மகளின் கல்யாணம், மருமகனின் முச்சக்கர வண்டி எல்லாவற்றையும் சிங்களத்தில் சொல்லி முடித்தார். இரண்டு கதிரை நன்றாகத்தான் செய்தார். பிறகு வெசாக்குக்கு ஊருக்குப் போனவர், போனவர்தான். ஃபோன் எடுத்தால் "ஹெட்ட எனவா, மிஸ்" என்பார். நாளைக்கு வருகிறேன் என்று அர்த்தம். அந்த நாளை இன்னும் வரவில்லை.

மிச்சத்தை நானே செய்தேன். வேறு வழியில்லை. மருதானையில் ஒரு கடையில் அரக்கும் ஸ்பிரிட்டும் வாங்கினேன். ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைத்தால் பழைய பொலிஷ் தேன் மாதிரி இளகி வரும். பிறகு சாண்ட்பேப்பரால் மரத்தின் ஓட்டம் பார்த்து உரஞ்ச வேண்டும். மஞ்சள் இறங்கிய இடங்களில் உரஞ்சி உரஞ்சி என் விரல் நுனி எரியும். கந்தோரில் கைவிரல் வைத்துத் திறக்கிற கதவு ஒரு கிழமை என்னை உள்ளே விடவில்லை.

முதல் கதிரைக்கு ஒரு மழைப் பின்னேரம் பொலிஷ் போட்டேன். பல்கனிக்கு அந்தப் பக்கம் கடல். ஈரக் காற்றில் அரக்கு என் கண் முன்னாலேயே பால் ஊற்றினது மாதிரி வெளுத்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. எல்லாவற்றையும் துடைத்துத் திரும்பவும் முதலில் இருந்து. அதன் பிறகு வெயில் ஏறின ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், யன்னல்களைச் சாத்திக்கொண்டு, பஞ்சைப் பழைய பருத்தித் துணியில் பொதிந்து, வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். மெல்லிசாக ஒரு பூச்சு, காய விட்டு இன்னொரு பூச்சு. வேர்வை கண்ணுக்குள் இறங்கும். ஞாயிறுகளில் மற்றவர்கள் கோயிலுக்கும் கடற்கரைக்கும் போவார்கள். நான் கதிரைக் கால்களோடு மல்லுக்கட்டினேன்.

"வீடு ஆஸ்பத்திரி மாதிரி மணக்குது" என்பார் அம்மா. அப்பாவுக்கு ஊசி போட முதல் தடவுகிற ஸ்பிரிட்டின் மணம் அது. அப்பாவின் கதிரையைக் கடைசியில் அறைக்குள் எடுத்தேன். அது இல்லாத நாள்களிலும் அம்மா அதே இடத்தில்தான் குந்தினார், முன்னால் ஒன்றுமில்லாமல்.

அந்தக் கதிரை முடிந்த ஞாயிறு, அதைத் தூக்கி வந்து யன்னலோரம் பழைய இடத்தில் வைத்தேன். என் கையால் செய்தது என்று நம்ப எனக்கே கஷ்டமாக இருந்தது. அவ்வளவு வடிவாக வந்திருந்தது. அம்மாவைத் தூக்கி நிறுத்தினேன்.

"இருந்து பாருங்கோ அம்மா."

அம்மா கதிரையின் கையைத் தடவினார். முதுகைத் தடவினார். "நல்லாச் செய்திருக்கிறாய் பிள்ளை, மினுங்குது" என்றார். பிறகு அதன் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல, அதற்கு முன்னால் நிலத்தில் இறங்கி அமர்ந்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"எத்தினை ஞாயிறு அம்மா! ஆருக்காக இவ்வளவும் செய்தனான்? என்னாலை இனித் தூக்கேலாது. எனக்கு அலுத்துப் போச்சு. கேக்குதே? அலுத்துப் போச்சு!"

நான் அப்படிக் கத்துகிற ஆள் இல்லை. அம்மா பயந்துபோய் என்னைப் பார்த்தார். சேலைத் தலைப்பைச் சரி செய்தார்.

"கதிரையோடை எனக்கென்ன கோபம்?" என்றார். "அப்பாவுக்குக் கடைசியிலை கழுத்து நிமிராதெல்லே. குனிஞ்சபடிதானே இருந்தவர். பக்கத்திலை கதிரை போட்டு இருந்தா உச்சிதான் தெரியும். இப்பிடி நிலத்திலை இருந்து பாத்தாத்தான் முகம் தெரியும். அப்பிடியே இருந்து பழகிப் போச்சு. வேறை இடத்திலை இருந்தா அவர் எனக்கு நினைவிலை வாறாரில்லை."

எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த மூன்று வருடமும் நான் அப்பாவுக்கு நின்றபடிதான் எல்லாம் செய்தேன். நின்றபடி தேத்தண்ணீர் பருக்கினேன், நின்றபடி சீப்பால் தலை இழுத்தேன். அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு ஞாபகம் வருவது அவருடைய உச்சந்தலைதான். நரைத்த மயிருக்குள் தெரிகிற சுழி. தம்பி வீடியோவில் எடுக்கும்போது அப்பாவைக் காட்ட அம்மா ஃபோனை நிலத்தில் இருந்தபடி பிடிப்பார். "நேரே பிடியுங்கோ, மேலை சுத்திற ஃபான் எல்லே தெரியுது" என்று அவன் சத்தம் போடுவான். நானும் ஃபோனை வாங்கி நேரே பிடித்துக் கொடுப்பேன்.

நான் அம்மாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். அங்கிருந்து கதிரையை நிமிர்ந்து பார்த்தேன். வைத்துப் பார்க்க எனக்கு ஒரு முகமும் வரவில்லை.

"எப்பிடி அம்மா இருந்தவர்?" என்று கேட்டேன்.

அம்மா கதிரையை நிமிர்ந்து பார்த்தார்.

"பகல் முழுக்க நித்திரைத் தூக்கம்தான். பின்னேரம் நீ வந்து கதவுக்குத் திறப்புப் போடுற சத்தம் கேட்டா மட்டும் ஒரு சிரிப்பு வரும். ஒவ்வொரு நாளும். உனக்குத் தெரியாதே?"

தெரியாது என்றேன்.