நார்த்தாமலைப் புல்லுக்குச் செலவான நீலத்துணி

கேமரா இல்லாமல் வெயிலைக் கொண்டே துணியில் படம் பதிக்கும் சயனோடைப் வேலையைப் போன வருடம்தான் பழகினேன். நார்த்தாமலைப் பாறை இடுக்கில் வளரும் புற்களைப் பதிக்க வேண்டும் என்று தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை திருச்சியிலிருந்து கிளம்பினேன். இரும்பு உப்புக் கரைசல் பூசி இருட்டில் காயவைத்த இரண்டு பருத்தித் துணிகள் கறுப்புப் பையில் இருந்தன. ஒன்று வேட்டி நீளம், மற்றது துண்டு அளவு.

புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறி நார்த்தாமலை விலக்கில் இறங்கி, ஆட்டோ பிடித்தேன். "வெயில் ஏறுறதுக்குள்ள எறங்கிருங்க, பாறை சுடும்" என்றார் ஓட்டுநர். எனக்கு வெயில்தான் வேண்டும் என்று அவரிடம் சொல்லவில்லை.

பெரிய துணியைப் பாறையில் விரித்து, புல்லும் காட்டுக்கொடியும் பரப்பிப் பன்னிரண்டு நிமிடம் விட்டேன். கேன் தண்ணீரில் அலசியதும் புல் விழுந்த இடமெல்லாம் வெள்ளை, மற்றதெல்லாம் கருநீலம். அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் புதுக்கோட்டை வழியாக அறந்தாங்கி போனேன். கல்லூரித் தோழி நிஷா வீட்டில் தங்கல். அவள் கணவர் ரஹீம் விடுமுறை முடிந்து மறுநாள் ராத்திரி துபாய் கிளம்புகிறார். இனி இரண்டு வருடம் கழித்துத்தான் வருவார். நான் காட்டிய துணியை அவர் மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ஆளு படுத்தாலும் இப்புடி விழுமா தங்கச்சி?"

"விழும்ண்ணே. அசையாமப் படுத்திருக்கணும்."

"அப்ப நானும் புள்ளையும் சேந்து படுக்குறோம்."

துண்டுத் துணியை வெளியே எடுக்காமலே கையால் அளவு காட்டினேன். ஒருக்களித்துப் படுத்தால் அவர்கள் மகள், ஏழு வயது ஆயிஷா மட்டும் அதில் அடங்குவாள். கரைசல் திருச்சியில் இருந்தது. போய்த் திரும்பிப் பூசிக் காயவைக்க நேரமில்லை.

"சரி, புள்ளைய எடுங்க. எங்கூட அங்கிட்டு இருக்கட்டும்" என்றார்.

காலை வெயிலில் மொட்டைமாடியில் ஆயிஷா மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு படுத்தாள். அலசியபோது முழங்கால் மடித்த வெள்ளை உருவம் தெளிந்து வந்தது. பின்னலின் நுனிகூட விழுந்திருந்தது. நிஷா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆயிஷா தன் அப்பாவைக் காட்டிக் கேட்டாள், "அத்தாவ எப்ப எடுப்பீங்க?" ரஹீம் துணியைப் பிழிவதுபோல் திரும்பிக்கொண்டார்.

இப்படிப் படம் பதிக்கப் போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். பூசிய துணியை வெயில் படாமல் கொண்டுபோங்கள். அலச ஆளுக்கு இரண்டு கேன் தண்ணீர் வேண்டும். பிறகு எப்போதும் சோப்பு போடாதீர்கள், நீலம் மஞ்சளாகிவிடும். எங்கே போனாலும் ஓர் ஆள் நீளத்துக்குத் துணி மிச்சம் வையுங்கள். அந்தப் புல் அடுத்த தையிலும் முளைத்திருக்கும்.

போன வாரம் நிஷா போன் செய்தாள். ரஹீம் தன் கட்டிலுக்கு மேலே துணியை மாட்டி வீடியோ காலில் காட்டினாராம். அதைப் பார்த்ததும் ஆயிஷா சொன்னாளாம்:

"என்னைய அங்க வச்சுக்கிட்டீங்க. ஒங்கள இங்க வச்சிட்டுப் போகலயே அத்தா."