அப்பா இடக்கையால் சாப்பிட்ட மத்தியானம்

ஒன்பது வயதில் நான் என் அப்பாவுக்குத் தாயாக இருந்தேன். அப்படித்தான் நினைத்திருந்தேன். மண்டைதீவுக் கடலில் வலை இழுத்த அவருடைய வலக்கையைப் பாரிசவாதம் ஒரே விடியலில் வாங்கிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு சோறு குழைத்து, மீனில் முள் பார்த்து, உருட்டி உருட்டி ஊட்டுவது என் வேலை. இரண்டு வாய் வாங்குவார். மூன்றாவதற்கு உதடு பூட்டிக்கொள்ளும்.

"காணும், பிள்ளை. போதும்."

நெஞ்செலும்பு ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தது. நோய் பசியைத் தின்றுவிட்டது என்றார்கள். நத்தார்ப் பண்டிகையைக் காணமாட்டார் என்று சித்தப்பா குசினி அடுப்படியில் முணுமுணுத்தது எனக்கும் கேட்டது.

பெரியாஸ்பத்திரியிலிருந்து ஒருவர் வந்தார். தாதிமாரைப்போல அவரையும் மிஸி என்றே கூப்பிட்டோம். ஊசியில்லை, மருந்தில்லை. நோயாளிகளுக்கு அன்றாட வேலைகளை மறுபடி பழக்குகிறவராம். கேள்வி, கேள்வி, கேள்வி. எழும்பினதும் என்ன செய்வார்? சாரம் யார் கட்டிவிடுவது? சாப்பிட முந்தி?

"சிலுவை போடுவார்," என்றார் அம்மா. "இப்ப ஏலாது. விட்டிட்டார்."

மிஸி அப்பாவைக் கதிரையில் இருத்தினார். சோற்றுக் கோப்பை மேசையில் வழுக்காமலிருக்க அடியில் ஈரத்துணி விரித்தார். பிறகு சொன்னார்:

"ஐயா, இனி இடக்கையாலை சாப்பிடுங்கோ."



"கழுவுற கையாலையோ!" சித்தப்பா துள்ளினார். "அதுக்குப் பட்டினி கிடக்கலாம்."

"இப்பவும் பட்டினிதானே கிடக்கிறார். கை கழுவ வீட்டிலை சவுக்காரம் இல்லையோ?"

மிஸி அப்பாவின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். பிறகு எல்லோரையும் முற்றத்துக்கு அனுப்பினார்.

"நான் ஊட்டாட்டி அப்பா சாப்பிடமாட்டார்!"

"பாப்பம். நீரும் வாரும், பிள்ளை."

நான் ஓலைக் கிடுகுச் சுவரின் இடுக்கில் கண்ணை வைத்தேன்.

அப்பா வாசலைப் பார்த்தார். ஒருவருமில்லை. இடக்கையால் வலக்கையைத் தூக்கினார், நித்திரையான ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல. நெற்றிக்குக் கொண்டுபோனார். நெஞ்சுக்கு. ஒரு தோளுக்கு, மற்றத் தோளுக்கு. அதை மடியில் மெல்லக் கிடத்திவிட்டு, இடக்கையைச் சோற்றுக்குள் வைத்தார்.

இடி விழும் என்று வானத்தைப் பார்த்தேன். விழவில்லை. அப்பா தின்றார். யாரோ துரத்துவதுபோலத் தின்றார். மேசையில் சிந்தியதைப் பொறுக்கித் தின்றார். முள்ளைத் தானே துப்பினார். கோப்பை வெறுமையானது.

"அம்மா! அப்பா அந்தக் கையாலை..."

அம்மா என் வாயைப் பொத்தினார். "பாக்காதை."

உள்ளேயிருந்து குரல் வந்தது: "இஞ்சாரும்... இன்னும் சோறு கிடக்கோ?"

அம்மா ஓடினார். நான் பூவரசடியில் நின்று என் வலக்கையை விரித்துப் பார்த்தேன், மோந்தும் பார்த்தேன். அவ்வளவு பசியை வைத்துக்கொண்டா இத்தனை மாதமும் என்னிடம் வாயை மூடினார்? ஒரு முள் விடாமல் பார்த்துத்தானே ஊட்டினேன்?