கடலில் பாய் தைத்த கை

படகில் இருந்தவர்கள் இவர்கள். என் மகன் ஜெயக்குமார். மருமகள் ஷீபா. மகனோடு கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் விக்கி, அம்பத்தூர்ப் பையன். அவன் மனைவி தீபா. படகோட்டி காளிதாஸ். பிறகு நான், பட்டாபிராம் எஸ்தர்.

ஆவடியில் இருபத்தெட்டு வருடம் ராணுவத்துக்கு டென்ட் தைத்தேன். ஐந்தாவது வரை படித்தவள். ஓய்வு பெற்ற மறு வருடமே வலது கை மரத்துப் போனது. ஜாக்கெட் கொக்கிகூட மாட்ட வராது. நரம்பு தளர்ந்துவிட்டது, இனி ஊசி பிடிக்க முடியாது என்றார் டாக்டர். இரண்டு வருடம் ஜெபித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆண்டவர் என்னை மறந்துவிட்டார் என்றே இருந்தேன்.

போன பிப்ரவரியில் பிள்ளைகள் அந்தமானில் ஒரு பாய்மரப் படகை மூன்று நாளுக்கு முழுசாக வாடகைக்கு எடுத்தார்கள். தீவு தீவாகப் போவது, படகிலேயே தூங்குவது. வருவதாக இருந்த ஒருவருக்கு லீவு கிடைக்கவில்லை. அந்த இடத்தில் என்னை ஏற்றினான் மகன்.

இரண்டாம் நாள் காலை காற்று ஓங்கி அடித்தது. பெரிய பாயின் தையல் ஆளுயரத்துக்குப் பிரிந்துவிட்டது. காளிதாஸ் எஞ்சினைப் போட்டார். பிடிக்கவில்லை. நங்கூரம் இறக்கினார். அடி எட்டவில்லை. காற்று எங்களை ஒரு பாறைத் திட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டே போனது. வயர்லெஸ்ஸில் பேசினார். உதவிப் படகு வர மூன்று மணி நேரமாம்.

"பாறைக்கு எவ்ளோ நேரம்ணே?" என்றான் மகன்.

"ஒன்றரை மணி. சின்னப் பாய மட்டும் வச்சு எதிர்காத்துல ஏற முடியாது தம்பி."

தீபா அழுதாள். படகில் ஊசியும் நூலும் இருந்தன. ஆனால் காளிதாஸின் இரண்டு உள்ளங்கையையும் கயிறு அறுத்திருந்தது. விக்கி ஊசியை எடுத்து இரண்டு தடவை தன் விரலையே குத்திக்கொண்டான்.

"நவுரு நைனா. இங்க குடு" என்றேன்.

"ஆன்ட்டி, இது ஜாக்கெட் துணி இல்ல. செம திக்கா கீது."

"ஜாக்கெட்டு யாருக்குடா தைக்கத் தெரியும்? நான் டென்ட்டு தைச்சவ."

"யம்மா, உன் கை..." என்றான் மகன்.

"கைய அவரு பாத்துப்பாரு. நீ துணிய இழுத்துப் புடி."

பாயை இறக்கி விரித்தார்கள். எனக்கு நீளமாக ஜெபிக்க வராது. "ஆண்டவரே, இந்தக் கை இன்னிக்கு வேணும்" என்றேன். அவ்வளவுதான். நூல் முதல் தடவையே ஊசியில் நுழைந்தது. விரலுக்கு ஊசி தெரிந்தது. இரண்டு வருடம் கழித்துத் தெரிந்தது. பழைய தையல் ஓட்டைகளிலேயே குத்தினேன். ஒரு குத்துக்கு ஒரு ஸ்தோத்திரம். ஷீபா பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினாள். பாறையில் அலை உடைகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. நான் நிமிரவில்லை.

முடிச்சுப் போட்டேன். பாய் ஏறியது. காற்றைப் பிடித்தது. தையல் நின்றது. படகு பாறையை விட்டுத் திரும்பியது.

"மச்சான், உங்க அம்மா கெத்துடா!" என்று கத்தினான் விக்கி.

காளிதாஸ் தையலை அண்ணாந்து பார்த்தார். "தாங்குமாம்மா?"

"நான் தைச்ச டென்ட்டு ஒண்ணுகூட திரும்பி வந்ததில்ல" என்றேன்.

கரையேறிய மறுநாள் கை மறுபடி மரத்தது. இன்றும் அப்படித்தான். எனக்குக் குறையில்லை. வேண்டிய நேரத்துக்குத் தந்தார். அந்தக் கையை வைத்து ஆறு உயிரைக் காத்தார். என் கையைத்தான் தேர்ந்தெடுத்தார் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைக்க மாட்டேன். இதுவரை சபையில் வாய் திறந்து சாட்சி சொன்னதில்லை. இதை இடது கையால் நானே எழுதுகிறேன்.

கேட்டுக் கேட்டுச் சோர்ந்து போனவர்களுக்குச் சொல்கிறேன். கேட்பதை விடாதீர்கள். அவர் மறக்கிறவர் இல்லை.

எத்தனை தையல் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். ஷீபா எண்ணியது இது.

இருநூற்றுப் பதினொன்று.