வட்டம் விழாத தட்டுகள்

சீழ், சளி, மூத்திரம் என்று மனுஷன் வெளியே தள்ளுவதை டப்பாவில் வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் காத்திருப்பதுதான் லேப் டெக்னீஷியன் பிழைப்பு. தட்டில் கிருமியை வளர்த்து, மேலே மருந்து தோய்த்த காகித வில்லைகளை வைப்போம். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிக் கிருமியில்லாத வட்டம் விழும். கேட்காவிட்டால் விழாது. தொண்ணூற்று மூன்றில் ஆரணியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது தட்டு நிறைய வட்டம் பார்த்தவன் நான்.

மீதி மாத்திரை

பட்டு நெய்பவர் ஒருவர், காலில் கட்டி மூன்றாம் முறையாக உடைந்து வந்தார். அவருடைய கிருமி, ரத்தம் கலந்த தட்டில் தன்னைச் சுற்றியிருந்த ரத்தத்தையே கரைத்திருந்தது. அவ்வளவு வீரியம். போன தடவை கேட்ட மருந்துக்கு இந்தத் தடவை வட்டமே இல்லை. பாதியில் நிறுத்தினால் தப்பிய கிருமி மருந்துக்குப் பழகிவிடும்; பத்து நாள் மாத்திரையை முழுசாகச் சாப்பிட்டாரா என்று கேட்டேன். நாலாம் நாளே வலி நின்றுவிட்டதாம். மீதி என்ன ஆயிற்று என்றதற்கு நிதானமாகச் சொன்னார்:

"வேஸ்ட்டா போவக்கூடாதுன்னு வீட்டுக்காரிக்குக் குடுத்துட்டேங்க, அவளுக்குப் பல்வலி."

எஸ்தர் சிஸ்டர்

ஒரே வாரத்தில், சிசேரியன் ஆன மூன்று பெண்களுக்குத் தையல் சீழ் பிடித்தது. மூன்றிலும் ஒரே கிருமி, பாதி மருந்துக்கு மசியவில்லை. ஒருத்தியை வேலூருக்கு அனுப்பினோம். அவள் திரும்பிவர ஒரு மாதம் ஆனது, அதுவரை கைக்குழந்தை புட்டிப்பாலில் கிடந்தது.

கட்டில், கத்தரி, குழாய் எல்லாவற்றையும் துடைத்துப் பரிசோதித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. வார்டு நர்ஸ் எஸ்தர் தானே வந்து தன் மூக்கையும் கையையும் சோதிக்கச் சொன்னார். இருபது வருஷ சர்வீஸ். இரண்டிலும் அதே கிருமி இருந்தது. ரிப்போர்ட்டில் 'ஊழியர்' என்று மட்டும் போடுகிறேன் என்றேன். தலையாட்டி மறுத்துவிட்டார்:

"என் பேரையே எழுதுங்க சார், அப்பதான் மத்தவங்க கை கழுவுவாங்க."

ஆர்

ரிப்போர்ட்டில் 'ஆர்' என்ற இங்கிலீஷ் எழுத்துக்குப் பக்கத்தில் 'கேட்காது' என்று தமிழிலும் எழுதும் பழக்கம் எனக்கு ஒரு பஸ் கண்டக்டரால் வந்தது. களம்பூர்க்காரர். மூத்திரம் போக டியூப் போட்டிருந்த அவர் அப்பாவுக்கு விடாத காய்ச்சல். பன்னிரண்டு மருந்து வைத்துப் பார்த்தேன், ஒன்றுக்கும் வட்டம் விழவில்லை. பன்னிரண்டு 'ஆர்' எழுதி அவர் கையில்தான் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர் முகம் மலர்ந்து படியேறி வார்டுக்குப் போனார். எனக்குப் புரியவில்லை. மறுநாள் காலை பெரியவர் இறந்துவிட்டார்.

ஏதோ சர்டிபிகேட்டுக்காக அடுத்த வாரம் வந்தவர், லேப் வாசலில் நின்று அந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். சொன்னேன்.

"ரைட்டுன்னு நெனச்சிகினு, எல்லாம் சரியா இருக்குதுன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன் சார்."

உங்கள் வீட்டைப் போலவே என் வீட்டு அலமாரியிலும் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்று கிடக்கிறது. தொட்ட காரியத்தைப் பாதியில் விடாதது இந்தக் கிருமி மட்டும்தான்.