கலிங்கில் ஒரு சிவப்புக் கோடு

பிள்ளைகளே, செந்துறைப் பக்கம் எங்கள் ஏரிக் கலிங்கின் பக்கச் சுவரில் ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது. ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் கல்கட்டுதான் கலிங்கு. கோடு போட்டவர் மகளிர் குழுத் தலைவி, ஊருக்கே தலைவியக்கா. வெள்ள ஆபத்தைக் குறைக்கவும் ஏரி குளத்தைக் காக்கவும் ஊருக்கு இரண்டு பேருக்குப் பயிற்சி என்றார்கள். அவரும் நானும் மூன்று நாள் அரியலூருக்கு பஸ்ஸில் போய்வந்தோம். தண்ணீர் கோட்டைத் தொட்டால் கரைக்கு ஆபத்து. அன்று பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான்.

அதே வருஷம் கார்த்திகையில் கோட்டை மறைத்தவனும் நான்தான். கலிங்கின்மேல் மணல் மூட்டை அடுக்கி ஒரு முழம் தண்ணீரைக் கூடுதலாகத் தேக்குவது எங்கள் ஊர் வழக்கம். வாய்க்காலின் கடைசியில் இருக்கும் என் வயலுக்கு அந்த ஒரு முழம்தான் உயிர். நாலு நாள் மழை விடவில்லை. ஐந்தாம் நாள் காலை, கரையின் வெளிப்பக்கம், கீழத்தெருவை ஒட்டித் தண்ணீர் கசிந்தது. கலங்கலாகக் கசிந்தால் கரை உள்ளே கரைகிறது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அக்கா அதை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார். டீத்தண்ணீர் நிறம்.

“கோடு எங்கய்யா?”

“மூட்டைக்குப் பின்னால இருக்குங்கக்கா.”

“நீ பயிற்சிக்கு வந்தியா, சோறு திங்க வந்தியா?”

“இந்தத் தண்ணி போச்சுன்னா தைக்குள்ள என் நெல்லு கருகிடும்.”

அவர் கீழத்தெருவைக் காட்டினார். “அங்க வூட்டுக்கு வூடு சோத்துக்கு ஒல வச்சிருக்காங்க. நீ அடுக்குனத நீயே எடு. நான் எடுத்தா ஆயுசுக்கும் என்னையத் திட்டுவ.”

கீழத்தெருவினரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, நாலு பேர் என் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு மூட்டையாக எடுத்தேன். சாயங்காலம் கசிவு அடங்கியது.

தையில் என் நெல் பாதி பதர். கரை நிஜமாகவே உடைந்திருக்குமா? இன்றுவரை தெரியாது. மூட்டையை எடுத்தது என் கைதான். ஆனாலும் அக்காவை மனசுக்குள் திட்டாமல் இல்லை.

இப்போது அவர் மகளோடு பெரம்பலூரில் இருக்கிறார். கோட்டுக்கு வருஷாவருஷம் நான்தான் பெயிண்ட் அடிக்கிறேன். போன வாரம் வானம் கறுத்திருந்தபோது பார்க்கிறேன், கோட்டை மறைத்து மூட்டைகள். அடுக்கிய பக்கத்து வயல்காரரைக் கூட்டி வந்தேன். “நீங்க அடுக்குனத நீங்களே எடுங்க” என்றேன்.

“உனக்கென்னய்யா, வயல்ல போர்க்கிணறு போட்டுட்ட!” என்று கத்தினார்.

உண்மைதான். திட்டிக்கொண்டே அவர் முதல் மூட்டையை இழுத்தார். கோடு தெரிந்தது. தண்ணீர் நாலு விரல் கீழே நின்றது.